பூலோ மத் செயலியின் மூடுவிழா

அடைக்கலசாமி காலமாகி ஒரு வருடம் ஏழு மாதம் ஆகிறது. இருந்தும் மனைவி லூசியை அவர் ஒரு மாதம்கூட நிம்மதியாக விட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள், போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் வீட்டுக்காரர்.

'பொருள்: பல் வைத்தியரிடம் போவது தொடர்பாக. பார்வை: சென்ற மாதம் நான்காம் தேதியிட்ட என் நினைவூட்டல். நீ போயிருக்க மாட்டாய். இன்றே போகவும். அவசரம்.'

லூசி நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்தாள். போகவில்லைதான். செத்த மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று உடம்பு புல்லரித்தது. அப்புறம் கோபம் வந்தது. அப்புறம் பல் வைத்தியருக்குப் போன் போட்டாள்.

பேய் பிசாசு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அடைக்கலசாமி மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து நினைவூட்டல் எழுதியவர். பதில் வராத கடிதத்துக்கு முதல் நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டாவது, கடைசியில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு இறுதி நினைவூட்டல். அவற்றில் எதற்கும் யாரும் பதில் போட்டதாகச் சரித்திரம் இல்லை. அதற்காக அவர் மனம் தளர்ந்ததும் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாள்தான் தளர்ந்தார். நினைவூட்டுவதற்கு ஆள் இல்லாமல் தில்லி மயூர் விஹார் ஃபிளாட்டில் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததுதான் பூலோ மத். இந்தியில் 'மறந்துவிடாதே' என்று அர்த்தம். நினைவூட்டல் அனுப்புவதற்கென்றே தில்லிக் கம்பெனி ஒன்று கண்டுபிடித்த செயலி. இலவசமாக வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குத்தான் எழுதிவைக்கலாம். ஆயுள் சந்தா கட்டினால் பத்து வருடத்துக்கு எழுதலாம். கூடவே லிஃபாஃபா என்று ஒரு வசதி. எழுதி, தேதி போட்டு, கவரை ஒட்டுவது மாதிரி மூடிவிட்டால், அந்தத் தேதி வரும்வரை உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. மனிதர் சொக்கிப்போய் ஆயுள் சந்தாவே கட்டிவிட்டார். கட்டி இரண்டு வருடத்தில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் போனும் கையுமாக எழுதித் தள்ளினார்.

எழுதியது யாருக்கு என்று அவர் போன பிறகுதான் லூசிக்குத் தெரிந்தது. கீசரைச் சரிபார், மார்கழி வரப்போகிறது பஞ்சு ரஜாய்ப் போர்வையை வெயிலில் போடு, உன் பிறந்தநாளன்று நீ சமைக்கக் கூடாது என்று அந்தந்த நாளில் டாண் டாணென்று வந்து விழுந்தன. திரையின் மூலையில், 'லூசிக்கு இன்னும் 37 லிஃபாஃபா' என்று இருந்தது. முப்பத்தேழு தடவை அவர் இன்னும் பேசுவார். அதை நம்பித்தான் அவள் காலையில் எழுந்து, நர்ஸ் வேலைக்குப் போய், திரும்பி வந்து, ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலைமையில்தான், அவள் இன்னமும் சார்ஜ் போட்டு வைத்திருந்த அவருடைய போனுக்கு அந்தக் கடிதம் வந்தது.

'அன்புள்ள அடைக்கலசாமி, மகிழ்ச்சியான செய்தி! நாங்கள் உங்களை விட்டுப் போகிறோம். இம்மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பூலோ மத் அஸ்தமிக்கிறது. நீங்கள் எழுதிய அனைத்தும் அதே நிமிடத்தில் மிகுந்த அக்கறையோடு அழிக்கப்படும். வாருங்கள், சேர்ந்து கொண்டாடுவோம்!'

லூசி உதவி எண்ணைக் கூப்பிட்டாள். 'நீங்கள் அதிர்ச்சியில் இருந்தால் ஒன்றை அழுத்தவும்' என்றது ஓர் இனிமையான குரல். 'கோபத்தில் இருந்தால் இரண்டு. ஏற்றுக்கொண்டுவிட்டால் மூன்று.' ஒன்றை அழுத்தினாள். இருபது நிமிடம் புல்லாங்குழல் கேட்டது. இரண்டை அழுத்தினாள், மறுபடி அதே புல்லாங்குழல். மூன்றை அழுத்தியதும், 'ஏற்றுக்கொண்டதற்கு நன்றி' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கட்டையில போறவனுங்களா என்று திட்டிவிட்டு, மறுநாள் விடுப்புப் போட்டு, மெட்ரோ பிடித்துக் கம்பெனி இருக்கும் நேரு பிளேஸுக்கே போய் இறங்கிவிட்டாள்.

ஆறாவது மாடியில் கம்பெனி. பூலோ மத்தை உருவாக்கியவர்கள் மொத்தம் நாலே பேர். அதை மூடுவதற்கு முப்பத்தெட்டுப் பேரை வேலைக்கு எடுத்திருந்தார்கள். டோக்கன் கொடுப்பவர் ஒருவர், டிஷ்யூ பேப்பர் கொடுப்பவர் ஒருவர். லூசிக்கு நாற்பத்தோராம் டோக்கனும் தமிழில் அச்சடித்த ஒரு படிவமும் கிடைத்தன. தமிழ்ப் படிவத்தை மெஷின் எழுதியிருக்க வேண்டும். 'எங்கள் பிரிவு உங்களுக்கு ஒன்று முதல் பத்து வரை எவ்வளவு வலிக்கிறது?' என்பது முதல் கேள்வி. முப்பது வருடமாக நோயாளிகளிடம் இதே கேள்வியைக் கேட்டு அட்டையில் எழுதியவள் அவள். ஐந்துக்குக் கீழே போட்டால் எந்த டாக்டரும் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று தெரியும். ஒன்பது போட்டாள். அடுத்த கேள்வி, 'இந்தத் துக்கத்தை உங்கள் நண்பர்கள், உறவினர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' பக்கத்து ஃபிளாட் சந்திரம்மாளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டு, 'வேண்டாம், பிரஷர் இருக்கிறவள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த இளைஞனின் மேஜையில், 'கௌஷிக், பிரியாவிடை உதவி மேலாளர்' என்று பலகை இருந்தது. படிவத்தைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினான். தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்.

"அச்சா, ஆன்ட்டி தமிழா? பைட்டியே, உக்காருங்கோ. அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரு பேர்ல. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா. இன்னும் வராத லிஃபாஃபா முப்பத்தேழு இருக்கு. அதை மட்டும் எடுத்துக் குடுத்துரு."

கௌஷிக் கணினியைத் தட்டிப் பார்த்தான். "பழசெல்லாம் ஃபைலாத் தந்துடலாம். வரப்போறது தர முடியாது ஆன்ட்டி. அது இன்னும் நடக்கலையே. நடக்காததைக் கம்பெனி டேட்டான்னு ஒத்துக்கறதில்லை. பாலிசி."

"எழுதி வச்சுட்டுத்தானப்பா போயிருக்காரு?"

"அக்கவுண்ட் ஹோல்டர் நேர்ல வந்து கேமராவைப் பார்த்தா, முன்னாடியே திறக்கலாம். சாரை அனுப்புங்கோ, தோ மினிட் வேலை."

"அவரு செத்துப்போயிட்டாரு."

கௌஷிக் சட்டென்று எட்டிக் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க சொன்னது என் காதுல விழலை" என்றான். "பயனர் இறந்துட்டார்னு எங்களுக்குத் தெரிஞ்சா, அடுத்த நிமிஷமே அக்கவுண்டை அழிச்சுடணும். மரியாதைக்காக. அதுக்குன்னு தனியா ஒரு டீமே இருக்கு. வெளியில டிஷ்யூ குடுக்கறாரே, அவர் அந்த டீம்தான். ப்ளீஸ், அவர்கிட்ட மட்டும் அழாதீங்கோ."

"அப்ப உசிரோட இருக்காருன்னு சொல்லவா?"

"சிஸ்டம் அப்படித்தான் சொல்றது." திரையை அவள் பக்கம் திருப்பினான். அடைக்கலசாமியின் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. "மாசாமாசம் ஆக்டிவ். வடக்கு மண்டலத்துலயே இவர்தான் நம்பர் ஒன். மூடுவிழாவுல அவருக்கு சால்வை போடறதா லிஸ்ட்ல பேர்கூட இருக்கு."

லூசி அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிர் இருந்தால் ஆள் வர வேண்டும், உயிர் இல்லாவிட்டால் எழுத்து அழியும். ஆஸ்பத்திரியில் இத்தனை சாவைப் பார்த்தவளுக்கு இப்படி ஒரு சாவு புதிதாக இருந்தது. ஆயுள் சந்தா கட்டியிருக்கிறாரே என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தாள். ஆயுள் என்றால் செயலியின் ஆயுள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான் கௌஷிக். நல்ல தாய் வளர்த்த பிள்ளை, அவனுக்கே வெட்கமாக இருந்தது.

முப்பதாம் தேதி மதியம் லூசி வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு வந்தாள். அதாவது சுவரில் மாட்டியிருந்த படத்தை, மாலையைக் கழற்றி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதுகாப்புச் சோதனையில் என்ன இது என்று கேட்டார்கள், ஹஸ்பெண்ட் என்றாள், விட்டுவிட்டார்கள்.

மூடுவிழாவுக்காக ஆறாவது மாடியையே ஒரே கூடமாக்கி பலூன் கட்டியிருந்தார்கள். கௌஷிக்கின் மேஜையைப் பிரின்டரோடு சேர்த்து ஓர் ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அவன் படத்தை ஒரு நாற்காலியில் நிறுத்திக் கேமராவைத் திருப்பினான். 'வணக்கம் அடைக்கலசாமி, கண் சிமிட்டவும்' என்றது திரை.

அடைக்கலசாமி சிமிட்டவில்லை.

'தயவுசெய்து கண் சிமிட்டவும்.' சற்றுப் பொறுத்து, 'பயனர் ஒத்துழைக்கவில்லை' என்றது. லூசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. டிஷ்யூக்காரர் தூரத்திலிருந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவள் அவசரமாகத் தும்முவது போல் பாவனை செய்தாள்.

"ஒரு வழி இருக்கு. நான் பண்ணேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ" என்றான் கௌஷிக். படத்தைத் தன் போனில் போட்டோ எடுத்து, வேறு எதிலோ ஏற்றி, எதையெதையோ அழுத்தினான். பிறகு அந்தப் போனைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான்.

அடைக்கலசாமி லேசாகத் தலையை அசைத்தார். லூசியைப் பார்த்தார். கண் சிமிட்டினார்.

"யேசுவே!" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டாள் லூசி. முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனுஷன் அவளைப் பார்த்து ஒரு தடவைகூடக் கண் சிமிட்டியதில்லை. இது யார்? அவர் சட்டை, அவர் மீசை, அவர் நெற்றித் தழும்பு. சிமிட்டியது மட்டும் வேறு யாரோ. இந்த மெஷின்காரர்கள் எதைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்களோ என்று பயமாகக்கூட இருந்தது. திரையில் பூமழை பொழிந்தது. 'வாழ்த்துகள் அடைக்கலசாமி! நீங்கள் உயிரோடு இருப்பது உறுதி செய்யப்பட்டது. எல்லா லிஃபாஃபாவையும் இப்போதே திறக்கவா?'

"திறந்துடவா ஆன்ட்டி? மணி மூணே கால். அஞ்சு மணிக்கு எல்லாம் போயிடும்."

"இரு இரு, தொடாத!" என்று கத்திவிட்டாள். வந்த காரியமே அதுதான். ஆனால் எதிரில் வந்து நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தேழையும் இன்று ஒரே மூச்சில் படித்துவிட்டால், நாளையிலிருந்து அவர் பேசுவதற்கு என்ன இருக்கிறது? படிக்காமலும் இருக்க முடியாது, படித்துத் தீர்க்கவும் முடியாது. கொஞ்ச நேரம் யோசித்தவள் கௌஷிக்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, உனக்குத் தமிழ் படிக்க வருமா?"

அவன் முகம் சுருங்கியது. "பேசுவேன் ஆன்ட்டி. படிக்க வராது. அம்மா சொல்லிக்குடுத்தா, நான்தான் விட்டுட்டேன். ஸாரி."

"எழுத்துக் கூட்டிக்கூட?"

"'அ' தெரியும். 'ஆ' கொஞ்சம் டவுட்."

"ராசா, நீதான்டா ஆளு!" என்றாள் லூசி. தமிழ் தெரியாததற்காகப் பிறந்ததிலிருந்து திட்டு வாங்கியவனை முதல் தடவையாக ஒருவர் மெச்சினார். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

கீழே கடையில் போய் நாற்பது பழுப்புக் கவர் வாங்கி வந்தாள். ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு லிஃபாஃபாவையும் கௌஷிக் திறக்க வேண்டும், புரியாமல் பார்க்க வேண்டும், பிரின்ட் எடுத்து மடித்துக் கவரில் ஒட்டி, மேலே தேதியை மட்டும் எழுத வேண்டும். அவள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அந்த பிரின்டரும் கம்பெனியைப் போலவே அஸ்தமித்துக்கொண்டிருந்ததால் ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது.

நாலு மணிக்கு விழா தொடங்கியது. நிறுவனர் பிரதீப் மேடையில் காதில் மைக் மாட்டிக்கொண்டு நடந்தபடியே பேசினார். ஐம்பது வயது, கல்லூரிப் பையனின் சட்டை.

"நண்பர்களே, சிலர் என்னிடம் கேட்கிறார்கள், ஏன் மூடுகிறீர்கள் என்று. நாங்கள் எதையும் மூடவில்லை. ஒரு முடிவைத் திறந்துவைக்கிறோம்!" கைதட்டல். "நினைவில் வைத்துக்கொள்வது பழைய தொழில்நுட்பம். எங்கள் ஆய்வில் என்ன தெரிந்தது? நினைவூட்டினால் மக்கள் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது மிகவும் வலித்தது. அதனால் இன்றே அறிமுகப்படுத்துகிறோம், பூல் ஜாவோ! மறந்துவிடு! நீங்கள் எதை மறக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஞாபகப்படுத்தும் உலகின் முதல் செயலி! உங்கள் துக்கமெல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள் அல்லவா, அதை வைத்துத்தான் இதைச் செய்தோம்!"

கூடத்தில் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிஷ்யூக்காரர் டிஷ்யூ கொடுத்தார்.

"இப்போது வடக்கு மண்டலத்தின் மிகத் துடிப்பான பயனர், திரு. அடைக்கலசாமி!"

லூசி திரும்பி கௌஷிக்கைப் பார்த்தாள். கௌஷிக் பிரின்டரிலிருந்து தலையைத் தூக்கி, "பத்தொன்பதுதான் ஆச்சு. போங்கோ, எதையாவது சொல்லிச் சமாளிங்கோ" என்று கிசுகிசுத்தான். அவள் மேடை ஏறினாள்.

"சார் வரவில்லையா மேடம்?"

முன்னூறு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் பதினெட்டு லிஃபாஃபா மரியாதையோடு அழிந்துவிடும். "உடம்பு சரியில்லை" என்றாள் இந்தியில். "படுத்திருக்கிறார்."

"அடடா! எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், சார், சீக்கிரம் எழுந்து வாருங்கள்!"

முன்னூறு பேரும் கைதட்டியபடி கோரஸாகச் சொன்னார்கள். சீக்கிரம் எழுந்து வாருங்கள். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக. சீக்கிரம் எழுந்து வாருங்கள். இத்தனை பேர் இத்தனை சத்தமாகக் கூப்பிட்டால் மனுஷன் நிஜமாகவே வந்து நின்றுவிடுவார் போலிருந்தது. வந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது. சால்வையை வாங்கிக்கொண்டு, இந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் எப்படித்தான் சொல்வது என்று யோசித்தபடியே இறங்கி வந்தாள்.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. முப்பத்தாறு கவர்களை கௌஷிக் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அவள் பையில் வைத்தான். கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"ஆன்ட்டி, இதுல தேதி இல்லை. டிராஃப்ட். எழுதிட்டு அனுப்பாம விட்டிருக்கார். ஆப் நூறு வருஷம் ஓடியிருந்தாலும் இது உங்களுக்கு வந்திருக்காது. கவர்ல என்ன போட?"

"எப்ப எழுதுனதுன்னு இருக்கா?"

"ஃபிப்ரவரி பதினொண்ணு. மத்தியானம் மூணு இருபது."

லூசி கையை நீட்டித் தாளை வாங்கினாள். அதில் பொருள் இல்லை. பார்வை இல்லை. அவசரம் என்று அடிக்கோடு இல்லை.

'லூசி பயமாருக்கு கொஞ்சம் பக்கத்துல உக்காரு'

அவ்வளவுதான்.

பிப்ரவரி பதினொன்று. அவர் போவதற்கு ஐந்து நாள் முன்னால். அன்று மதியம் அவள் வார்டில்தான் இருந்தாள். மனைவியாக இல்லை, நர்ஸாக இருந்தாள். டிரிப் ஏன் மெதுவாக இறங்குகிறது என்று டியூட்டி சிஸ்டரோடு வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அவர் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். "எப்பப் பாத்தாலும் அதை நோண்டிக்கிட்டு! கீழ வைங்க முதல்ல!" என்று ஒரு அதட்டு அதட்டினாள். சொன்ன உடனே வைத்துவிட்டார். ஆறடி தூரத்தில் இருந்தவள். வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாமே! முப்பத்திரண்டு வருடம் எழுதியே பழகிய மனுஷனுக்கு அதுவும் எழுத்தில்தான் வந்திருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் எதற்காவது பயம் என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. பாவி, என்ன காரியம் பண்ணினேன் என்று நெஞ்சு வெடித்தது.

மேடையில் பிரதீப் பத்திலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார். கூடமே சேர்ந்து எண்ணியது. பூஜ்யம் என்றதும் பலூன்களை உடைத்தார்கள். எல்லாத் திரைகளும் ஒன்றாக அணைந்தன. அவள் கையிலிருந்த போனில் பூலோ மத் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாகியது. சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் கூட்டம் கலைந்தது. கௌஷிக் தன் மேஜைப் பலகையைப் பையில் போட்டுக்கொண்டான். மூடுகிறவர்களின் வேலையும் ஐந்து மணியோடு முடிந்துவிட்டது. அவன் அருகில் வந்து, மெட்ரோ வரைக்கும் வரவா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

படம் வைத்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து, படத்தின் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

காவலாளி ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தான். "மேடம்ஜி, ஹால் காலி கரோ. சலோ, ஜல்தி."

லூசி அவன் பக்கம் திரும்பவில்லை.

"இருங்க" என்றாள் தமிழில். "இப்பத்தான உக்காந்திருக்கேன்."